காலையில் வைத்த கோடு

எங்கள் குழுவில் எனக்கு ‘அலாரம்’ என்று பெயர். மூன்று வருடத்துக்கு முன்னால் ஓர் ஏரிக்கரையில் படம் வரைந்துகொண்டிருந்தபோது, புல்லுக்குள் பாம்பு என்று கத்தினேன். நான் கத்திய கத்தலில் எங்களோடு வரையும் வக்கீலம்மாவின் ஸ்டாண்டு சாய்ந்து, ஈரம் காயாத படம் குப்புற மண்ணில் விழுந்தது. நான் பாம்பு என்று பார்த்தது என் பையிலிருந்தே தொங்கிய கயிறு. பிறகு ஒரு நாள் புகை வருகிறது என்று வேனைப் பாதி வழியில் நிறுத்த வைத்தேன். அது முன்னால் போன லாரி கிளப்பிய தூசி. நான் லிஃப்ட் மெக்கானிக். பத்து மாடிப் பள்ளத்துக்கு மேலே தொங்கி வேலை பார்க்கிறவன் இவ்வளவு பயந்தாங்கொள்ளியாக இருக்கலாமா என்று கேட்பார்கள். பயப்படாத மெக்கானிக் யாரும் இருபத்தெட்டு வருடம் இந்த வேலையில் இருந்ததில்லை என்று சொல்வேன். யாரும் காதில் வாங்குவதில்லை.

குழு என்றால் பெரிய கூட்டமில்லை. நான், என் மனைவி, வாத்தியார், வக்கீலம்மா என்று நான்கு பேர். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வக்கீலம்மாவின் வேனில் ஏறி எங்காவது வெளியே போய், எதிரே தெரிவதைப் பார்த்து எண்ணெய் வண்ணத்தில் வரைவோம். வாத்தியார் பள்ளிக்கூடத்தில் ட்ராயிங் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். எங்களில் கை தேர்ந்தவர் அவர்தான். அது அவருக்கும் கொஞ்சம் அதிகமாகவே தெரியும். தன் படத்தில் ஒரு கோடு தப்பு என்று அவர் வாயால் சொல்லி யாரும் கேட்டதில்லை. ஒரு தடவை படகுக்கு நிழல் போட மறந்துவிட்டு, “அப்ப மேகம் வந்துச்சுய்யா, நீங்க யாரும் கவனிக்கல” என்று கடைசிவரை சாதித்தார்.

அவர் வைத்த சட்டம்தான் எங்களுக்குச் சட்டம். செல்போன்களை எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வேனிலேயே வைத்துவிட வேண்டும். வண்ணத்தைத் தட்டில் பிதுக்கியதிலிருந்து சாப்பாட்டு நேரம்வரை வெட்டிப்பேச்சு கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, காலையில் வைத்த கோடுதான் கோடு. வெளியே நின்று வரைகிறவனுக்குச் சூரியன் பெரிய தொல்லை. ஒன்பது மணிக்கு இடப்பக்கம் விழுந்த நிழல் பதினோரு மணிக்கு வேறெங்கோ போய்விடும். அதைப் பார்த்துப் பார்த்து மாற்றிக்கொண்டே இருந்தால் படம் கந்தலாகிவிடும். அதனால் “எதிர்ல எது மாறினாலும் மாறட்டும், உன் கோட்டை விடாதே” என்பார் வாத்தியார். மூன்று வருடமாக இதைக் கேட்டுக் கேட்டு எங்கள் எல்லோருக்கும் ஊறிப்போயிருந்தது.

என் மனைவி ஒரு கட்டட அலுவலகத்தில் வீட்டு பிளான் வரைகிற வேலை பார்க்கிறாள். இப்போது எல்லாம் கம்ப்யூட்டர் என்றாலும் கைப்பழக்கம் போகவில்லை. அவள் வெறும் கையால் இழுத்த கோட்டின் மேல் ஸ்கேலை வைத்துப் பார்த்தால் ஸ்கேல்தான் வெட்கப்படும். அவளுடைய இடது கண் போன வருடம் போய்விட்டது. முழு இருட்டு இல்லை. ஓரமெல்லாம் தெரியும், நடுவில் மட்டும் யாரோ விரலை வைத்துத் தேய்த்த மாதிரி ஓர் அழுக்கு. விழித்திரையில் ரத்தக்கசிவு என்றார் டாக்டர். ஆரம்பத்தில் வந்திருந்தால் ஊசி போட்டு நிறுத்தியிருக்கலாமாம். கதவு நிலை வளைந்து தெரிகிறது என்று அவள் என்னிடம் சொன்னபோது, “கண்ணாடி பவர் மாறியிருக்கும், லீவு கிடைக்கறப்ப போவோம்” என்று சொன்னவன் நான். நான்கு மாதம் போய்விட்டது. கயிற்றைப் பார்த்து அலறுகிற நான், அலறவேண்டிய அந்த ஒரு விஷயத்துக்கு அலறவில்லை. அதை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறையலாம் போலிருக்கும்.

வலது கண்ணுக்கும் அது வர வாய்ப்பு உண்டு என்று டாக்டர் சொல்லியிருந்தார். கட்டம் கட்டமாகக் கோடு போட்ட ஒரு தாளைக் கொடுத்து, தினமும் வலது கண்ணால் அதைப் பார்க்கச் சொன்னார். “நேர்க்கோடு எதுவாவது நடுவுல வளைஞ்சு தெரிஞ்சா, அன்னிக்கே வரணும். மறுநாள் பார்த்துக்கலாம்னு இருக்கக் கூடாது.” அந்தத் தாள் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறது. தினமும் காலையில் அவள் அதன் முன்னால் நின்று இடது கண்ணைப் பொத்தும்போது, நான் பல் விளக்குகிற சாக்கில் வாஷ்பேசின் அருகே நின்று அவள் முகத்தைப் பார்ப்பேன். அவள் கையை இறக்கி, “எல்லாம் நேராத்தான் இருக்கு, நீங்க வாய கொப்பளிங்க” என்று சொன்ன பிறகுதான் என் நாள் ஆரம்பிக்கும்.

கண் போன பிறகு அவள் எங்களோடு வரைய வந்த முதல் ஞாயிறு அது. பத்து நாள் விடாமல் மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஒரு பழைய மண் குவாரிக்குப் போனோம். சாலையோரம் நாங்கள் நிற்க ஒரு புல் திட்டு. அங்கிருந்து ஓர் ஒற்றையடிப் பாதை கீழே குவாரியின் தரைக்கு இறங்குகிறது. தரையில் மழைத்தண்ணீர் குட்டையாகத் தேங்கியிருந்தது. எதிரே நான்கு மாடி உயரத்துக்குச் செம்மண் சரிவு. சரிவின் அடியில், மண் விழாமல் தாங்க எப்போதோ கட்டிய நீளமான கருங்கல் சுவர். சரிவின் உச்சியில் ஒற்றை மரம். மரத்துக்குப் பின்னால் வெகுதூரத்தில், பாறைக் குன்றின் மேல் ஒரு மின்கம்பம். நனைந்த சிவப்பும் குட்டையின் சாம்பல் நிறமும் சேர்ந்து, வரையத் தெரியாதவனுக்கும் கை அரிக்கிற மாதிரி இருந்தது.

“எனக்கு இங்க வெயில் கூசுது. நான் கீழ நிழல்ல போய் உட்கார்றேன்” என்றாள் என் மனைவி.

“கீழயா? வழுக்கும். நான் வேணா கூட...”

“ஆரம்பிச்சுட்டாரு அலாரம்” என்றார் வக்கீலம்மா சிரித்துக்கொண்டே. “அக்கா, நீங்க போங்க. இவர நான் பிடிச்சு வெச்சுக்கறேன்.”

அளவெடுக்க நாங்கள் எல்லோரும் ஒரு கண்ணை மூடி, கையை நீட்டி, தூரிகையைக் குறுக்கே பிடித்துப் பார்ப்போம். அதைச் செய்து காட்டி, “உங்களுக்கெல்லாம் ஒரு கண்ணை மூடற வேலை. எனக்கு அது மிச்சம்” என்று சொல்லிவிட்டு அவள் இறங்கினாள். வாத்தியார்கூடச் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கால் ஒவ்வொரு கல்லையும் தொட்டுப் பார்த்து இறங்குவதைப் பார்த்தபடி நின்றேன். சுவருக்கு நேர் எதிரே, பத்தடி தள்ளி, மடக்கு நாற்காலியைப் போட்டு எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

நானும் என் ஸ்டாண்டை நிறுத்தினேன். அதன் மூன்று காலுக்கும் கல் அண்டை கொடுத்தேன். கம்பத்துக்கும் மரத்துக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று தூரிகையை நீட்டி அளந்தேன். தூரிகையின் முடியைக் கட்டியிருக்கிற தகரப்பட்டையின் அகலம் இருந்தது. அப்படியே கேன்வாஸில் குறித்தேன். என் கோடுகள் எல்லாம் கொஞ்சம் கோணல்தான், ஆனால் அளவெடுப்பதில் ஏமாற மாட்டேன். லிஃப்ட் தண்டவாளத்தில் ஒரு நூல் பிசகினாலும் பெட்டி இடிக்கும்.

ஒரு மணி நேரம் நன்றாகப் போனது. டர்பன்டைன் வாசனையும் ஈர மண் வாசனையும் கலந்து மனசுக்கு இதமாக இருந்தது. வானத்தை முடித்துவிட்டு மரத்துக்கு வந்தேன். தூரிகையை நீட்டிப் பார்த்தால் இடைவெளி இரண்டு தகரப்பட்டை அகலம் இருந்தது.

நம் லட்சணம் நமக்குத் தெரியாதா என்று நினைத்தேன். காலையில் தப்பாக அளந்திருக்கிறேன். கத்தியால் மரத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுத் தள்ளி வைத்தேன். சுரண்டுகிற சத்தம் வாத்தியாருக்குக் கேட்டுவிட்டது. பேச்சு கூடாது என்ற சட்டம் அடுத்தவன் தப்பைச் சொல்வதற்குப் பொருந்தாது.

“என்னய்யா சுரண்டுற?”

“மரம் தள்ளிப் போயிடுச்சு சார்.”

“மரம் எங்கய்யா போகும்? கைதான் போகும். காலையில வெச்ச கோட்டை நம்பு.”

தலையாட்டிவிட்டு இலைகளை வரைய ஆரம்பித்தேன். அரை மணி நேரம் இருக்கும். பழக்கதோஷத்தில் இன்னொரு தடவை தூரிகையை நீட்டினேன். மூன்று அகலம்.

ஸ்டாண்டின் காலைக் குனிந்து பார்த்தேன். கல் அண்டை அசையவில்லை. நான் நின்ற இடத்தில் என் செருப்புத் தடம் அப்படியே இருந்தது. நான் நகரவில்லை. கம்பம் பாறை மேல் நிற்கிறது, அது நகராது. மிச்சம் இருப்பது மரம். மரம் நகர்ந்தால், அது நிற்கிற மண்ணும் நகர்கிறது என்று அர்த்தம். அந்த மண்ணுக்கு அடியில் என் மனைவி உட்கார்ந்திருக்கிறாள்.

உடனே கத்தவில்லை. அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. கயிறும் லாரித் தூசியும் நினைவுக்கு வந்து என் வாயைப் பொத்தின. அவள் எத்தனையோ மாதம் கழித்து வரைய உட்கார்ந்திருக்கிறாள். என் கோணல் கையை நம்பி அவளை எழுப்பி ஓட விட்டால், அதற்கப்புறம் அவள் வருவாளா என்று தெரியவில்லை. முதலில் ஒரு சாட்சி வேண்டும். வாத்தியாரின் பின்னால் போய் நின்றேன். அவர் படத்தில் மரத்துக்கும் கம்பத்துக்கும் இடைவெளி ஒரே ஒரு பட்டை அகலம். காலையில் நான் அளந்த அதே அளவு. காலையில் கோட்டை வைத்த பிறகு அவர் எதிரே நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“சார், உங்க மரம் சரியா இருக்கா?”

அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. “என் மரம் எப்பய்யா தப்பா இருந்திருக்கு?”

“அதைத்தான் சார் நானும் சொல்றேன். நீங்க வெச்சது சரி. காலையில சரி. இப்ப எதிர்ல பாருங்க. உங்க கையாலயே அளந்து பாருங்க.”

முணுமுணுத்துக்கொண்டே கையை நீட்டினார். ஒரு கண்ணை மூடினார். நீட்டிய கை அப்படியே நின்றது. தூரிகையைத் திருப்பிப் பிடித்து இன்னொரு தடவை அளந்தார்.

“வெளிச்சம் மாறினா அப்படித்தான்யா தெரியும்” என்றார். ஆனால் குரலில் பழைய கம்பீரம் இல்லை.

“வெளிச்சம் மாறினா நிழல் நகரும் சார். மரம் நகருமா?”

வக்கீலம்மாவும் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். “அலாரம் சார், காலங்காத்தால கிளப்பாதீங்க. அக்கா எவ்வளவு நாள் கழிச்சு...” அவர் சொல்லி முடிப்பதற்குள் எதிர்ச்சரிவின் நடுவிலிருந்து கைப்பிடி மண் பொலபொலவென்று உதிர்ந்தது. அதற்குப் பின்னால் ஒரு கல் உருண்டு வந்து சுவருக்குப் பின்புறம் விழுந்த சத்தம் கேட்டது. சின்னச் சத்தம்தான்.

அப்புறம் கத்தினேன். அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். “எழுந்து வா! மண்ணு சரியுது! அங்க இருக்காதே, மேல வா!” வக்கீலம்மாவும் சேர்ந்து கத்தினார். அவள் திரும்பவில்லை. இடது கையை மட்டும் தலைக்கு மேல் தூக்கி, ஈயை விரட்டுகிற மாதிரி ஆட்டினாள். மூன்று வருடமாக நான் கத்துகிற போதெல்லாம் அவள் செய்வது அதைத்தான்.

“போன், போன்” என்று வக்கீலம்மா வேனை நோக்கி ஓடினார். என் மனைவியின் போனும் அதே பிஸ்கட் டப்பாவில்தான் கிடக்கிறது என்பது ஓடுகிறவருக்கும் நினைவில்லை, எனக்கும் நினைவில்லை.

நான் பாதையில் இறங்கினேன். தைரியம் வந்து இறங்கியதாக யாரும் நினைக்க வேண்டாம். பாதி தூரம் உட்கார்ந்து சறுக்கினேன், பாதி தூரம் தவழ்ந்தேன். வாயில் மண் போயிருந்தது. இறங்குகிற ஒவ்வோர் அடிக்கும், திரும்பி ஏறிவிடு, ஏறிவிடு என்று உடம்பு கெஞ்சியது. அவள் இல்லாமல் அந்த வேனில் திரும்பிப் போகிற காட்சி ஒன்று கண்ணுக்கு முன்னால் வந்தது. அதற்குப் பயந்துதான் இறங்கினேன்.

கிட்டே போனதும் அவள் ஏன் எழவில்லை என்று புரிந்தது. தூரிகை கையில் இல்லை, மடியில் கிடந்தது. வலது கண்ணைக் கையால் மூடினாள், திறந்தாள். இடதை மூடினாள், திறந்தாள். கன்னமெல்லாம் ஈரம். கேன்வாஸில் சுவரின் மேல் விளிம்பு மூன்று தடவை போட்டு மூன்று தடவையும் சுரண்டப்பட்டிருந்தது. வாழ்க்கையில் அவள் ஒரு கோட்டை இரண்டாம் தடவை போட்டு நான் பார்த்ததில்லை.

“எழுந்திரு. சீக்கிரம்.”

“கத்தாதீங்க” என்றாள். குரலே வரவில்லை. “போச்சுங்க. வலதும் போச்சு.”

“என்ன?”

“காலையில நேரா இருந்துச்சு. நேராத்தான் போட்டேன். அப்புறம் பார்த்தா நடுவுல வளையுது. சரி, கை தப்பிடுச்சுன்னு திருத்தினேன். மறுபடியும் வளையுது. பார்க்கப் பார்க்க ஜாஸ்தியாகுது. இடது கண்ணுக்கும் இப்படித்தான ஆரம்பிச்சுது? கதவு நிலை இப்படித்தான வளைஞ்சுது?” என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். “உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம அரை மணி நேரமா உட்கார்ந்திருக்கேன்.”

நான் சுவரைப் பார்த்தேன். மேலேயிருந்து பார்த்தபோது அது நேராகத் தெரிந்தது. இங்கிருந்து பார்த்தால், நிறைமாதக் கர்ப்பிணி மாதிரி, நடுவில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவிலிருந்த சுண்ணாம்பு வெடித்து, அந்த இடுக்குகளிலிருந்து சிவப்புத் தண்ணீர் கோடு கோடாக வழிந்துகொண்டிருந்தது.

“சுவருதான் வளையுது! நெஜமாவே வளையுது! மேல மரமும் நகருது. வா!”

அவள் அசையவில்லை. என் முகத்தையே பார்த்தாள். “எனக்காகச் சொல்றீங்க.”

“அய்யோ, நான் எதுக்குச் சொல்லப்போறேன்? நடுவுல வயிறு தள்ளியிருக்கு. அந்தப் பெரிய விரிசல் கிட்ட. தண்ணி ஒழுகுது பாரு!”

“விரிசலுக்கு வலப்பக்கமா?”

“வலப்பக்கம்தான்!”

“உங்களுக்கும் தெரியுதா?”

“தெரியுதும்மா, தெரியுது!”

அவள் சிரித்தாள். நான்கு மாடி மண் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருக்க, கண்ணீரோடு வாய்விட்டுச் சிரித்தாள். “அப்ப என் கண்ணு நல்லாருக்கு! என் கண்ணு நல்லாருக்குங்க!” கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அவள் இவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை, அவளை அந்த அளவுக்குத் திட்டியதும் இல்லை. கையைப் பிடித்து இழுத்தேன். அந்த நிலையிலும் கேன்வாஸை எடுத்துக்கொண்டாள். ஈர வண்ணம் என் தோளெல்லாம் அப்பியது.

பாதையில் அவளை முன்னால் விட்டுப் பின்னாலிருந்து தள்ளினேன். ஒற்றைக் கண்ணால் அவளுக்குப் படியின் ஆழம் சரியாகத் தெரியாது. “இங்க வை. அடுத்தது உயரம். இங்க வை” என்று ஒவ்வொரு காலுக்கும் சொல்லிக்கொண்டே ஏறினேன். பாதி வழியில் முதுகுக்குப் பின்னால் மரம் முறிகிற மாதிரி ஒரு சத்தம். திரும்பவில்லை. மேலேயிருந்து வாத்தியார் குப்புறப் படுத்துக் கையை நீட்டினார். அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் போட்டார். நான் ஏறி அவள் பக்கத்தில் விழுந்தேன்.

சுவர் வெடித்தது. அப்புறம் மண் வந்தது. நான் நினைத்த மாதிரி இடி முழக்கமெல்லாம் இல்லை. ஒரு பெரிய மூச்சை விடுகிற மாதிரி, மரத்தை நின்ற வாக்கிலேயே சுமந்துகொண்டு, முழுச் சரிவும் கீழே இறங்கியது. குட்டைத் தண்ணீர் எங்கள் திட்டு வரைக்கும் தெறித்தது. மடக்கு நாற்காலி இருந்த இடத்தில் இரண்டு ஆள் உயரத்துக்கு மண். உச்சியில் இருந்த மரம் இப்போது எங்களுக்கு நேராக, கிட்டத்தில், இலைகூட உதிராமல் நின்றது. புல்லைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன்.

வக்கீலம்மா என் மனைவியைக் கட்டிப்பிடித்து அழுதார். வாத்தியார் என் முதுகைத் தடவிக்கொடுத்தார். என் மனைவி மட்டும் கல்யாண வீட்டில் இருக்கிற மாதிரி இருந்தாள். முகமெல்லாம் செம்மண், தலையெல்லாம் செம்மண். வாய் ஓயவில்லை.

“நான் என்ன பயந்தேன் தெரியுமா வக்கீலு? அடுத்த மாசம் வேலைய விட்டுடணும், ஆபீஸ்ல என்ன சொல்றதுன்னெல்லாம் யோசிச்சு முடிச்சுட்டேன். கடைசியில பார்த்தா பாழாப்போன சுவரு! மலை சரிஞ்சதுக்குச் சந்தோஷப்பட்ட ஒரே ஆளு நானாத்தான் இருப்பேன்.”

தண்ணீர் குடித்து, முகத்தைக் கழுவி, அவள் புல் திட்டில் உலாத்தினாள். வாத்தியாரின் ஸ்டாண்டு மட்டும் விழாமல் நின்றது. அதில், இனி எங்கேயும் இல்லாத அந்தச் சரிவு காலையில் இருந்தது போலவே இருந்தது. செம்மண், நேரான சுவர், உச்சியில் மரம், பின்னால் கம்பம். அவள் அதன் முன்னால் போய் நின்றாள்.

“பிரமாதம் சார். அந்தச் சிவப்பு எப்படி வந்துச்சு உங்களுக்கு?” இன்னும் கிட்டே குனிந்தாள். “எல்லாம் சரி, இந்தக் கம்பத்த மட்டும் ஏன் நடுவுல வளைச்சு வெச்சிருக்கீங்க?”

நானும் பார்த்தேன். வக்கீலம்மாவும் பார்த்தார். கம்பம் தூக்குக்குண்டு விட்டு நிறுத்திய மாதிரி நேராக இருந்தது.

வாத்தியார் என்னைப் பார்த்தார். நான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன்.

“ஆமாம்மா” என்றார். “கொஞ்சம் கோணிடுச்சு. கை தவறிடுச்சு எனக்கு.”

அவள் முகத்தில் சிரிப்பு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது, அப்புறம் மெதுவாக இறங்கியது. வாத்தியாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவசரமாகப் படத்தை ஸ்டாண்டிலிருந்து எடுத்து, வண்ணப் பக்கத்தைத் தன் வெள்ளைச் சட்டையோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். முழுப்படமும் சட்டையில் அப்பியிருக்கும். அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

“வக்கீலு” என்றாள் என் மனைவி. “என் போனக் குடு. டாக்டருக்குப் போடணும்.”

மிச்சச் சாமான்களை அங்கேயே போட்டுவிட்டு ஏறினோம். டாக்டர் எதுவும் விசாரிக்கவில்லை, நேரே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள், நானும் கிளம்புகிறேன் என்றார். ஞாயிற்றுக்கிழமைச் சாலையில் வண்டிகள் குறைவு. ஆனாலும் ஒவ்வொரு சிக்னலிலும் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. வக்கீலம்மா ஓட்டினார். வாத்தியார் முன்சீட்டில் படத்தை அணைத்தபடி அசையாமல் இருந்தார். நானும் அவளும் பின்னால். அவள் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. மடியில் கிடந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏங்க” என்றாள் ஒரு கட்டத்தில். “அந்தச் சுவரு எவ்வளவு வளைஞ்சுது? நீங்க பார்த்தது?”

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. எவ்வளவு பொய் சொல்ல வேண்டும், எந்தப் பக்கம் சொல்ல வேண்டும் என்று தெரியவில்லை. கையை விரித்து, பார்த்ததைப் பார்த்தபடி காட்டினேன். ஒரு சாண்.

அவள் என் விரல்களை எடுத்து, இன்னும் ஓர் அங்குலம் விரித்து வைத்தாள்.

“எனக்கு இவ்வளவு தெரிஞ்சுது” என்றாள்.